அலாஸ்கா: ரயிலில், கப்பலில், அப்பாவோடு 13 இரவுகள்!

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்கள் லீவு போட்டாலும் போன் லீவு போடாது. இரவு இரண்டு மணிக்குக் கூட 'பிரேக்கிங்' வரும், எழுந்து நான்கு வரி தட்டிவிட்டுத்தான் தூங்க முடியும். அப்படிப்பட்ட என்னை, சிக்னலே இல்லாத ஒரு காட்டுக்குள் ஆறு நாள், கடலில் ஏழு நாள் என்று 13 இரவுகளுக்கு இழுத்துக்கொண்டு போனார் என் அக்கா. கூடவே அப்பா, அம்மா, மாமா, எட்டு வயது அக்கா மகள். 2024 ஜூலையில் போய் வந்த அந்த அலாஸ்கா பயணத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதச் சொல்லி எடிட்டர் பலமுறை கேட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், அது பனிப்பாறை பற்றிய கதையாக மட்டும் முடியவில்லை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜோலார்பேட்டையில் கூட்ஸ் கார்டாக இருந்து 2018-ல் ரிட்டயர் ஆனவர். 34 வருஷ சர்வீஸ். (2022-ல் ரயில்வே 'கார்டு' என்ற பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டது. "நான் வெளிய வந்தப்புறம் மேனேஜர் ஆக்கிட்டாங்க பாரு" என்பார்.) நான் டிகிரி முடித்ததும் ரயில்வே தேர்வோ, பேங்க் தேர்வோ எழுதுவேன் என்று நினைத்தார். நான் ஜர்னலிசம் டிப்ளமோ சேர்ந்தேன். சண்டை எதுவும் போடவில்லை. ஆனால், அன்றிலிருந்து எங்களுக்குள் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்ற அளவில்தான் பேச்சு. மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

விசாவில் ஒரு கண்டம்

சியாட்டிலில் இருக்கும் அக்காவும் மாமாவும் இரண்டு வருஷம் பணம் சேர்த்துப் போட்ட திட்டம் இது. முதலில் அலாஸ்காவின் உள்பகுதிக்கு ரயிலில். பிறகு விட்டியர் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஏழாவது நாள் கழித்துக் கனடாவின் வான்கூவரில் இறங்குவது. எங்கள் மூவருக்கும் அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கிளம்ப இரண்டு மாதம் இருக்கையில் அக்காவிடமிருந்து போன். "டீ, கனடா விசா எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. கப்பல் கனடாவில் முடிகிறது என்பதே எங்கள் மண்டையில் ஏறவில்லை. பயோமெட்ரிக் கொடுத்து, பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாள்களில் அம்மா வேண்டாத சாமி இல்லை. கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கப்பல் ஏன் கனடாவைத் தொட வேண்டும்? இதற்குப் பின்னால் 1886-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் நேராக இறக்கிவிடக் கூடாது. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அதனால்தான் அலாஸ்கா கப்பல்கள் கனடாவில் தொடங்கும், அல்லது முடியும், அல்லது நடுவில் ஒருமுறையாவது அங்கே நிற்கும். நம் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் இதை டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கேற்ற இருட்டே வராத ஊர்

அலாஸ்காவை 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா வாங்கிய விலை 72 லட்சம் டாலர். வாங்கிய அமைச்சர் சீவார்டை 'பனிக்கட்டிக்குப் பணத்தைக் கொட்டினார்' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. இன்று அதன் பரப்பு நம் தமிழ்நாட்டைப்போல் 13 மடங்கு. மக்கள்தொகை ஏழரை லட்சத்தைத் தொடவில்லை. பெரும்பாலான சிற்றூர்களுக்குச் சாலையே கிடையாது. ரயில், படகு, குட்டி விமானம்தான் வழி.

ஆங்கரேஜில் இறங்கிய முதல் நாள் அம்மாவுக்கு ஒரு சிக்கல். ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும். வெளியே பார்த்தால் நம் ஊர் மூன்று மணி வெயில். எட்டு மணிக்கும் அதே வெயில். பத்தரைக்கும் வெளிச்சம். ஜூலை தொடக்கத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. மறைந்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. "இந்த ஊர்ல லட்சுமி எப்போ வீட்டுக்குள்ள வருவா?" என்று கேட்ட அம்மா, கடைசியில் நம் ஊர் நேரத்தை வைத்துக்கொண்டார். இந்திய நேரத்துக்கு அலாஸ்கா பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். ஜோலார்பேட்டையில் மாலை ஆறு என்றால் அங்கே அதிகாலை நான்கரை. அந்த நேரத்துக்கு எழுந்து, ஹோட்டலில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால், போனில் ஒரு விளக்குப் படத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார்.

நீலம், மஞ்சள், அகலம் குறைவு

மறுநாள் காலை எட்டரை வாக்கில் ரயில். நீலமும் மஞ்சளுமாக நின்றது. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அப்பா குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டாண்டர்டு கேஜ். நம்மளத விட ஒரு ஜாண் குறைச்சல்" என்றார். அவர் சொன்னது சரி. நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், அது 1,435.

அலாஸ்கா ரயில்பாதை சீவார்டு துறைமுகத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை சுமார் 750 கிலோமீட்டர். அமெரிக்க அரசே காசு போட்டுக் கட்டியது. 1923 ஜூலை 15-ம் தேதி நெனானா என்ற ஊரில் தங்க ஆணி அடித்து நிறைவு செய்துவைத்தவர் அன்றைய ஜனாதிபதி வாரன் ஹார்டிங். அந்தப் பயணத்திலிருந்து வாஷிங்டன் திரும்பும் முன்பே, மூன்று வாரத்துக்குள் அவர் இறந்துபோனார். 1985 முதல் ரயில் மாநில அரசின் கையில். அதே நெனானாவில் ரயில் பாதை போட வந்த இன்ஜினீயர்கள் 1917-ல் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். ஆற்றில் உறைந்த பனி எந்த நாள், எந்த நிமிஷம் உடையும் என்று கணிக்க வேண்டும். அந்தப் போட்டி இன்றுவரை வருஷா வருஷம் நடக்கிறது. பொழுதுபோகாத ரயில்வேக்காரர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஆங்கரேஜை விட்டு ஒரு மணி நேரம் தாண்டியதும் என் போனில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிறகு ஒன்றுமில்லை. அக்கா மகளின் டேப்லெட்டும் செத்தது. ஆறு பேருக்கும் பார்க்க இருந்தது ஒரே ஒரு திரை. ரயில் ஜன்னல்.

வெள்ளைத் துணி காட்டினால் நிற்கும் ரயில்

இரண்டு இரவு தங்கிய டல்கீட்னா, மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். வட அமெரிக்காவின் உயரமான மலை ஏறப் போகிறவர்கள் பதிவு செய்துவிட்டுக் கிளம்பும் இடம். மலையின் பெயர் டெனாலி. 6,190 மீட்டர். பழங்குடி மொழியில் 'உயர்ந்தவன்' என்று பொருள். 1896-ல் தங்கம் தேடி வந்த ஒருவர் அதற்கு 'மெக்கின்லி' என்று ஓர் அரசியல்வாதியின் பெயரை வைத்தார். 2015-ல் பழைய பெயர் திரும்பியது. நாங்கள் ஊர் திரும்பிய ஆறு மாதத்தில், 2025 ஜனவரியில், அமெரிக்க அரசு மறுபடி மெக்கின்லி என்று மாற்றிவிட்டது. மலை எதற்கும் அசையவில்லை. தேசியப் பூங்காவின் பெயர் மட்டும் டெனாலிதான்.

அந்த மலையைப் பார்க்க வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முகம் காட்டும் என்கிறார்கள். மேகம் அப்படி மூடியிருக்கும். நாங்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்த இரண்டு மாலையும் சாம்பல் நிறச் சுவர் மட்டுமே தெரிந்தது.

டல்கீட்னாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அங்கிருந்து கோடையில் வாரத்துக்கு ஐந்து நாள் 'ஹரிகேன் டர்ன்' என்று ஒரு ரயில் காட்டுக்குள் போய்த் திரும்புகிறது. அதற்கு ஸ்டேஷன் தேவையில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டினால் போதும், நிறுத்தி ஏற்றிக்கொள்ளும். சாலையே இல்லாத காட்டில் வீடு கட்டி இருக்கிறவர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் லாரி. அமெரிக்காவில் இப்படி ஓடும் கடைசி சில ரயில்களில் ஒன்று.

மளிகைப் பெட்டியோடு ஒரு பாட்டி ஏறினார். மரப்பலகைக் கட்டோடு இருவர் இறங்கினார்கள். ஒரு நாய் ஓடி வந்து எஜமானனை முகர்ந்தது. ஒவ்வொரு முறை ரயில் நின்றபோதும் அப்பா எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றார். கண்டக்டர் அதைக் கவனித்துவிட்டு என்னிடம், "உங்கள் அப்பா ரயில்வேயா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கை கொடுத்தார். பிறகு நடந்த அரை மணி நேரப் பேச்சுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"உங்கள் ரயிலில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?"

"கடைசியில. பிரேக் வேன்ல."

"தனியாகவா?"

"தனியாத்தான். லைட் கிடையாது. டாய்லெட் கிடையாது. கையில ஒரு டார்ச், ரெண்டு கொடி."

இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது, இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. வாரத்துக்குப் பத்துப் பேரிடம் பேட்டி எடுக்கிற வேலை எனக்கு.

ரயில் ஹரிகேன் பள்ளத்தாக்குப் பாலத்தில் போய் நின்றது. 1921-ல் கட்டியது. 918 அடி நீளம், கீழே ஓடும் ஓடையிலிருந்து 296 அடி உயரம். அக்கா மகள் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ பொறந்த அன்னிக்கு நான் சாமல்பட்டியில லூப் லைன்ல நின்னுட்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் எல்லாம் போகட்டும்னு எங்களை ஓரம் கட்டிட்டாங்க. ஆறு மணி நேரம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் டார்ச் அடிச்சுக்கிட்டே நடந்து வந்தார். கன்ட்ரோல் போன்ல சேதி வந்துச்சாம். 'பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க'ன்னார். ஒரு டீ வாங்கித் தந்தார். அப்புறம் சிக்னல் விழுந்துச்சு, கிளம்பிட்டேன். உன்னைப் பார்க்க மூணு நாளாச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "லீவு கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டேன். ஆள் இல்லன்னாங்க."

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "நீ இந்த வேலைக்குப் போனது தப்புன்னு நான் நினைக்கல. ராத்திரி டூட்டி இல்லாத வேலையா பாருன்னுதான் சொல்ல நினைச்சேன். ராத்திரி முழிக்கிற வேலை வீட்டை விட்டு ஆளைப் பிரிச்சிடும். எனக்கு அது தெரியும்."

பத்திரிகை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபம் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். அவருக்குக் கவலை என் நைட் ஷிஃப்ட்.

பின்னால் பார்த்தவருக்குத் தெரிந்த மலை

டெனாலி தேசியப் பூங்காவில் இரண்டு இரவு. உள்ளே போகும் சாலை 92 மைல். சொந்தக் கார் முதல் 15 மைலுக்குத்தான். அதற்குமேல் பூங்காவின் பஸ். அந்த பஸ்ஸும் பாதி வழியோடு திரும்பிவிடும். ஏனென்றால் 2021 ஆகஸ்ட்டில் 'பிரிட்டி ராக்ஸ்' என்ற இடத்தில் சாலையே சரிந்துவிட்டது. நிலத்துக்கடியில் ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்திருந்த மண் இளகுவதுதான் காரணம். 2014-க்கு முன் வருஷத்துக்குச் சில அங்குலம் நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சரிவு, 2021-ல் மணிக்கு அரை அங்குலத்துக்கு மேல் நகர்ந்தது. அந்த இடத்தைத் தாண்ட ஒரு பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் டிரைவர்தான் கைடு. யார் மிருகத்தைப் பார்த்தாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம். அக்கா மகள் கத்தியதில் ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் கிடைத்தன. அம்மா கத்தியதில் ஒரு பாறை கிடைத்தது. காரிபூ மான், வெள்ளை மலையாடு, குளத்தில் முழங்கால் அளவு நின்று தழை மேய்ந்த மூஸ் மான் எல்லாம் பார்த்தோம். குளிர்காலத்தில் ரேஞ்சர்கள் ரோந்து போவதற்காகப் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை அங்கேயே வளர்க்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இது ஒன்றில்தான் அப்படி. மலை மட்டும் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் எல்லோரும் சோர்ந்துபோய் இருந்தோம். அப்பா வழக்கம்போல் பெட்டிகளுக்கு நடுவே, திறந்த ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். எல்லோரும் ரயில் போகும் திசையைப் பார்க்க, அவர் மட்டும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். 34 வருஷப் பழக்கம். "டிரைவர் வர்றதைப் பார்ப்பான். கார்டு போனதைத்தான் பார்ப்பான்" என்பார். திடீரென்று அவர் குரல். "எல்லாரும் இங்க வாங்க!"

ஓடினோம். வடமேற்கில் மேகம் விலகியிருந்தது. நாங்கள் மலையைத் தேடிய உயரம் தப்பு. இரண்டு நாளாக மேகத்துக்கு நடுவே தேடினோம். அது மேகத்துக்கு மேலே இருந்தது. இவ்வளவு உயரத்திலா மலை இருக்கும் என்று தோன்றும் இடத்தில் வெள்ளையாக ஒரு முதுகு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பதினைந்து நிமிஷம் இருந்திருக்கும். மறுபடி மூடிக்கொண்டது. நான் எடுத்த படங்களில் எல்லாம் அப்பாவின் பின்மண்டையும், ஓரத்தில் கொஞ்சம் மலையும்தான்.

ஒரே கட்டடத்தில் ஓர் ஊர்

ஆங்கரேஜில் ஓர் இரவு. பிறகு விட்டியருக்கு ரயில். அந்த ஊருக்குள் நுழைய மலையைக் குடைந்த இரண்டரை மைல் சுரங்கம் ஒன்றுதான் தரைவழி. இரண்டாம் உலகப் போரின்போது ரயிலுக்காகக் குடைந்தது. 2000 முதல் கார்களும் அதே ஒற்றைப் பாதையில் போகின்றன. ஒரு நேரம் இந்தப் பக்க கார், ஒரு நேரம் அந்தப் பக்க கார், நடுவில் ரயில். "இதுக்குத்தான் லைன் கிளியர்னு பேரு" என்று அப்பா அக்கா மகளுக்குப் பாடம் எடுத்தார். முன்னால் உள்ள பாதையில் வேறு வண்டி இல்லை, நீ வரலாம் என்று அடுத்த ஸ்டேஷன் சொல்லும் அனுமதிதான் லைன் கிளியர்.

விட்டியரில் முந்நூறு பேருக்குள்தான் மக்கள். அவர்களில் பெரும்பாலானோர் 14 மாடிக் கட்டடம் ஒன்றிலேயே குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூட அங்கிருந்து நிலத்தடிப் பாதை. பனிக்காலத்தில் பிள்ளைகள் வெளியே கால் வைக்காமலே வகுப்புக்குப் போய்விடலாம்.

சமைக்காத ஏழு நாள்

கப்பலில் ஏறியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கிச்சன் எங்க?" இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இட்லிப்பொடி எல்லாம் பெட்டியில் காத்துக்கொண்டிருந்தன. முதல் நாள் இரவே சாப்பாட்டு ஹாலில் மாமா சைவம் என்று சொல்லி வைத்தார். மறுநாளிலிருந்து பருப்பு, சப்பாத்தி, காய்கறிக் குழம்பு வந்தது. சமையல் பகுதியில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார். அம்மாவின் பருப்புப்பொடியை வாசனை பார்த்து ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டார்.

திருமணமாகி 36 வருஷத்தில் அம்மா தொடர்ந்து ஏழு நாள் சமைக்காமல் இருந்தது இதுதான் முதல் முறை. முதல் இரண்டு நாள் கை ஓடவில்லை. எங்கள் துணிகளை மடித்து மடித்து வைத்தார். அலாஸ்கா வளைகுடாவில் கப்பல் ஆடியபோது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் மேல்தளத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தன்னந்தனியாக ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கூப்பிடப் போனபோது அப்பா தடுத்தார். "விடு. அவளுக்கு இப்பதான் லீவு கிடைச்சிருக்கு."

வெள்ளை இடி

இந்தப் பயணத்தில் என்னால் மறக்க முடியாத இடம் கிளேசியர் பே. துறைமுகம் கிடையாது, யாரும் இறங்க முடியாது. காலையில் ஒரு சின்னப் படகு ஓடும் கப்பலை உரசி வந்து, கயிற்று ஏணியில் பூங்கா ரேஞ்சர்கள் ஏறினார்கள். நாள் முழுக்க மைக்கில் விளக்கினார்கள்.

1794-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் குழு இங்கே வந்தபோது இந்த வளைகுடாவே இல்லை. முகத்துவாரம் வரை பனி அடைத்திருந்தது. 1916-க்குள் அந்தப் பனி அறுபது மைலுக்குமேல் பின்வாங்கிவிட்டது. நாங்கள் கப்பலில் போன தண்ணீர் முழுவதும், 230 வருஷம் முன்பு பனியாக இருந்த இடம். அதற்கும் முன்னால் அது டிலிங்கிட் பழங்குடி மக்கள் குடியிருந்த நிலம். 1700-களில் பனிப்பாறை வேகமாக முன்னேறி வந்து அவர்களைத் துரத்தியது. இந்த வளைகுடாவில் நடந்த பின்வாங்கல் தொழிற்சாலைப் புகைக்கு முன்பே தொடங்கியது என்பதை ரேஞ்சர் மறைக்காமல் சொன்னார். ஆனால் இன்று அலாஸ்காவின் பெரும்பாலான பனிப்பாறைகள் கரையும் வேகத்துக்குப் பூமி சூடாவதுதான் காரணம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் இன்ஜினைக் குறைத்தார்கள். ஒரு மைல் அகலச் சுவர். பனியின் எடையே அதை அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிடுகிறது. அப்படி இறுகிய பனி வெளிச்சத்தின் சிவப்பு நிறத்தை விழுங்கி நீலத்தை மட்டும் விடுகிறது. ஊதாக்கரை போட்ட வேட்டியை உலர்த்தியதுபோல் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் தளத்தில் நின்றும் ஒரு சத்தம் இல்லை. பிறகு ஒரு துண்டு உடைந்தது. முதலில் விழுவது தெரிந்தது, சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. டிலிங்கிட் மக்கள் அதை 'வெள்ளை இடி' என்பார்களாம். அக்கா மகள் கைதட்டினாள். பிறகு, "உடைஞ்சா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பனிப்பாறை கடலில் உடைந்து விழுவது இயற்கைதான். மேலே விழும் பனி அதை ஈடுகட்டாமல் போகும்போதுதான் ஆபத்து. இதை அவளுக்குப் புரியவைக்க மாமாவுக்கு இரண்டு ஐஸ்க்ரீம் செலவானது.

கோடையில் அந்த வளைகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குமேல் விடுவதில்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் மூன்றாவதுக்கு இடமில்லை. நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருந்தது. அதற்கு நம் ஊரில் எழுந்த முணுமுணுப்பைச் செய்தியாகப் போட்டதே நான்தான். அந்த அமைதியில் நின்றபோது அந்த உத்தரவு எனக்குக் கொஞ்சம் வேறுமாதிரி புரிந்தது.

தங்கத்துக்காக ஒரு மலை ரயில்

ஸ்கேக்வேயில் அப்பாவுக்கு இன்னொரு விருந்து. 'வொயிட் பாஸ்' குறும்பாதை ரயில். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்தது. அகலம் மூன்று அடி. இருபது மைலில் சுமார் 2,900 அடி ஏறுகிறது. நம் நீலகிரி ரயில் குன்னூர் வரை ஓடத் தொடங்கியதும் அதே காலம்தான், 1899. "நம்மளது பல்சக்கரம் போட்டு 12-க்கு 1 ஏறும். இது பல்சக்கரம் இல்லாம ஏறுது, ஆனா சரிவு பாதிகூட இல்ல. நம்மளதுதான் கெட்டி" என்று தீர்ப்பு சொன்னார்.

அந்த மலைக்கணவாயில் பாதை வருவதற்கு முன் கதை கொடூரமானது. கிளாண்டைக் பகுதியில் தங்கம் என்ற செய்தி கிளம்பியதும், சுமார் ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள். ஒரு வருஷத்துக்கான சாமான், ஏறத்தாழ ஒரு டன், கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் எல்லையில் விடவில்லை. அந்தச் சுமையைக் குதிரைகள்மீது ஏற்றினார்கள். மூவாயிரம் குதிரைகள் அந்தப் பாதையில் செத்து விழுந்தன. ரயில் ஜன்னலிலிருந்து அந்தப் பழைய ஒற்றையடித் தடம் இன்னும் தெரிகிறது.

ஜூனோ, மாநிலத்தின் தலைநகரம். ஆனால், வெளியூரிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. கப்பல் கூட்டம் தாங்க முடியாமல், 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே மெண்டன்ஹால் பனிப்பாறையைப் பார்த்துவிட்டு, ஆற்றோரக் குடியிருப்புகள் வழியாக பஸ்ஸில் வந்தோம். வாசலில் சைக்கிள், கூடைப்பந்து வளையம் என்று நம் ஹவுசிங் போர்டு போலவே இருந்தது. ஊர் திரும்பி டெஸ்க்கில் உட்கார்ந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 6-ம் தேதி ஒரு செய்தி வந்தது. பனிப்பாறைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து, அந்த ஆற்றோரத்தில் சுமார் 300 வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. 2011 முதல் வருஷந்தோறும் தண்ணீர் இப்படி உடைத்துக்கொண்டு வந்தாலும், அந்த வருஷம் மிக மோசம். வழக்கமாக நான்கு வரியில் முடிக்கிற வெளிநாட்டுச் செய்தி அது. அன்று நான் நாற்பது வரி எழுதினேன்.

கடைசி நிறுத்தம் கெச்சிக்கன். வருஷத்துக்கு 150 அங்குலத்தை ஒட்டி மழை, சென்னையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். எங்களுக்கும் மிச்சம் வைக்காமல் பெய்தது. மறுநாள் முழுக்கக் கடல். அதற்கடுத்த காலை, வான்கூவர்.

போக நினைப்பவர்களுக்கு

* சீசன், மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. 
* அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் எடுங்கள். நடுவில் கனடா போய் மறுபடி அமெரிக்காவுக்குள் வருவதானால், பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள்.
* ரயிலில் விலை குறைந்த வகுப்பே போதும். பெட்டிகளுக்கு நடுவே திறந்த ஜன்னல் இருக்கிறது.
* ஜூலையிலும் குளிரும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, குல்லா கட்டாயம். தூங்கும்போது கண்ணை மூட ஒரு கறுப்புத் துணியும்.
* சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், ஏறியதும் ஒருமுறை நினைவூட்டுங்கள். கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொருள்களை விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.
* பெரியவர்களின் மருந்து, டாக்டர் சீட்டு, பயண இன்ஷூரன்ஸ் மூன்றையும் கைப்பையில் வையுங்கள்.

இவ்வளவு செலவு எல்லோருக்கும் முடியாது. எங்களுக்கே அக்கா இல்லாவிட்டால் முடிந்திருக்காது. ஆனால் நான் கொண்டுவந்த விஷயத்துக்கு அலாஸ்கா தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்பா பார்த்த வேலையைப் பற்றி அவரிடம் கேட்க, ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் பாசஞ்சரே போதும். போனை மட்டும் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

என் நைட் ஷிஃப்ட் மாறவில்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனால், காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும் நேரம் அவருக்குத் தெரியும். தினமும் சரியாக 6.05-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்.

"லைன் கிளியரா?"

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் பதில் போடுவேன்.

"கிளியர்ப்பா."